சூடாகாத இன்ஜின்

பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. மெக்கானிக்குக்கு மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய பாக்கி அது. நாலு வருஷமாக அந்தத் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட்டி என்று ஏதாவது அதன்மேல் ஏறியிருந்தால் அது வன்மம்தான்.

மாப்பிள்ளை என்றால் அசலார் இல்லை. மெக்கானிக்கின் ஒரே தங்கச்சியைக் கட்டியவர். கட்டிய புதிதில் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். பிறகு ஒரு கோடையில் மாப்பிள்ளையின் பழைய ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ரேடியேட்டர் கொதித்து நடுரோட்டில் நின்றுபோனது. மெக்கானிக் அதைக் கட்டி இழுத்துவந்து, இன்ஜின் தலையைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, தண்ணீர் பம்ப் மாற்றி, ஆறு நாள் மல்லுக்கட்டி ஓடவைத்துக் கொடுத்தார். சொந்தம் என்று கூலியில் பாதியைத் தள்ளிய பிறகு நின்ற தொகை அது. ‘அடுத்த மாசம் தர்றேன் மச்சான்’ என்று சாவியை வாங்கிய மாப்பிள்ளை, அடுத்த மாசம் மலைமேல் வாடகைக்கு ஓட்டப் போய்விட்டார். மேலே குளிர்காலம் வந்தது. ஹீட்டரைத் திருகினால் பச்சைத்தண்ணீர் மாதிரி காற்று வந்தது. ‘நல்லா இருந்த ஹீட்டரைக் கெடுத்து வெச்சிருக்கார். அது சரியாகட்டும், பணம் தர்றேன்’ என்று சொல்லியனுப்பினார்.

மெக்கானிக்குக்குப் பணம் பெரிசில்லை. பெரிசில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதைவிடப் பெரிசு ஒன்று இருந்தது. முப்பது வருஷமாக அவர் கடை நடத்துகிறார். பழைய சாமானைத் துடைத்துப் புதுசென்று மாட்டியதில்லை. செய்யாத வேலையை பில்லில் எழுதியதில்லை. அந்தக் கையைப் பார்த்து ‘கெடுத்துட்டார்’ என்று ஒருவன் சொன்னான். அதையும் ஒரு கல்யாண வீட்டில், நூறு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னான். மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. ‘குடுக்க வக்கில்லாதவன் காரணம் தேடுறான்’ என்று மைக் இல்லாமலே முழங்கினார். அன்றோடு பேச்சு அறுந்தது.

பேச்சுதான் அறுந்ததே தவிர ஏச்சு அறவில்லை. ஒரே வீட்டுக்குப் போக நேர்ந்தால் ஒருவர் கதவைப் பார்த்துப் பேசுவார், இன்னொருவர் நாற்காலியைப் பார்த்துப் பதில் சொல்வார். நடுவில் தங்கச்சி. ‘உங்க அண்ணன்கிட்ட சொல்லு’ என்று ஒருவர், ‘உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு’ என்று இன்னொருவர். மூன்றடி தூரத்தில் இருப்பவனுக்கு மூன்றாம் ஆள் வழியாகச் சேதி போகும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மதியம் அந்த ஜீப் மெக்கானிக்கின் ஷெட் வாசலில் வந்து நின்றது.

பக்கத்து பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். காசு கொடுக்காமல் பார்க்கிற வேடிக்கை என்றால் அவருக்கு உயிர்.

தங்கச்சி முதலில் இறங்கினாள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

“அண்ணே, எதுவும் கேக்காதே. நான் சொல்றத மட்டும் கேளு” என்றாள். “மேல சுரங்கப்பாதை தோண்டுற கம்பெனிக்கு ஆள் ஏத்துற வண்டி எடுக்குறாங்க. மூணு வருஷக் காண்ட்ராக்ட். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும். கண்ணாடியில பனி படிஞ்சு போன வருஷம் ஒரு வண்டி பள்ளத்துல விழுந்திருச்சாம். அதனால ஹீட்டர் ஓடலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. இது கிடைக்கலைன்னா வர்ற மாசம் ஃபைனான்ஸ்காரன் வண்டியை இழுத்துட்டுப் போயிருவான்.”

“ஏன், மேல மெக்கானிக்கே இல்லையா?”

“மூணு பேர் பாத்தாச்சு.”

“மூணு பேருக்கும் காசு குடுத்தாச்சா?”

தங்கச்சி தோள்பையைத் தட்டிக் காட்டினாள். “உன் பணம் இதுல இருக்கு. பதினோராயிரத்து நானூத்தம்பது. ஹீட்டர்ல சூடு வந்ததும் எண்ணி வெச்சிடுவாரு.”

“வரலைன்னா?”

ஜீப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. யாரைப் பார்த்தும் இல்லை. கண்ணாடி துடைப்பானைப் பார்த்து. “வரலைன்னா கெடுத்தவர் கையாலயே சரி பண்ண முடியலைன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

மெக்கானிக்கின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தங்கச்சி கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி நின்றாள். அவர் போய் பானட்டைத் திறந்தார். தங்கச்சிக்காகத் திறந்தார் என்று பஞ்சர்க்காரர் பிறகு எல்லாரிடமும் சொன்னார். அது உண்மையில்லை. அந்தப் பணத்தை அந்த ஆள் கையால் எண்ணி வாங்க வேண்டும், எண்ணும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் திறந்தார்.

ஹீட்டர் என்பது பெரிய மந்திரம் இல்லை. இன்ஜினைச் சுற்றி ஓடுகிற வெந்நீரை ஒரு ஹோஸ் உள்ளே கொண்டுபோகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ளங்கையகல ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு ஃபேன் அதன்மேல் ஊதினால் சூடான காற்று. இன்னொரு ஹோஸ் தண்ணீரைத் திருப்பி அனுப்பும். மெக்கானிக் அந்த இரண்டு ஹோஸ்களையும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. அடைப்பு இருந்தால் ஒன்று சுடும், ஒன்று சில்லிடும். இங்கே அப்படி இல்லை. காற்று சிக்கியிருக்கும் என்று நினைத்தார்.

ஜாக்கி வைத்து வண்டியின் மூக்கைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், ஒருவர் வெளியே ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

“மிதிக்கச் சொல்லு” என்றார் தங்கச்சியிடம்.

“மிதிச்சுட்டுதான் இருக்கேன்னு சொல்லு” என்றார் மாப்பிள்ளை.

“இது மிதிக்கிறதா? எறும்புக்கு வலிச்சிடும்னு கால் வெக்கிற மாதிரில்ல இருக்குன்னு சொல்லு.”

“டீசல் விலை என்னன்னு உங்க அண்ணனுக்குத் தெரியுமான்னு கேளு.”

“கடன் வாங்கினவனுக்கு விலைவாசி நல்லாத் தெரியுதேன்னு சொல்லு!”

தங்கச்சி பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். “நான் என்ன தபால்பெட்டியா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? நீங்களே பேசிக்குங்க, இல்ல கடிச்சிக்குங்க.” போய்ப் பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சர்க்காரர் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

தபால்பெட்டி போனதும் இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. பிறகு மெக்கானிக் ஜீப்பின் மட்கார்டைத் தட்டினார்.

“ஏ வண்டி, உன் முதலாளியை நல்லா அழுத்தச் சொல்லு.”

இன்ஜின் உறுமியது. உள்ளேயிருந்து பதில் வந்தது. “வண்டியே, அழுத்தியாச்சு. இன்னும் ஐஸ் பெட்டியத் திறந்த மாதிரிதான் காத்து வருதுன்னு உன் டாக்டர்கிட்ட சொல்லு.”

“டாக்டர்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எந்தக் கசாப்புக் கடையில எல்லாம் காட்டினேன்னு வண்டி சொல்லட்டும்.”

“முதக் குளிருக்கு உள்ள இருக்கிற ரேடியேட்டரைப் புதுசா மாத்துனதுதான் வண்டி. மேல வளைவுல ஒத்தக் கடை வெச்சிருக்கிற ஆளு மாத்துனாரு, ஆறாயிரத்து எண்ணூறு. அடுத்த குளிருக்கு வால்வு, கேபிள், ரெண்டாயிரத்து நூத்தம்பது. போன வருஷம் டாஷ்போர்டையே பிரிச்சு ஃபேன் மோட்டார், நாலாயிரத்து இருநூறு. எல்லாம் யாரால வந்த செலவு வண்டி?”

மெக்கானிக் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒத்தக் கடைக்காரனின் வேலை. கிளாம்ப் நேராக உட்கார்ந்திருந்தது. ஹோஸ் முனை கோணாமல் வெட்டப்பட்டிருந்தது. அவரே செய்திருந்தாலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது. ஆனால் வாய் அதைச் சொல்லவில்லை.

“எருமை மாடு மாட்டின மாதிரி இருக்கு வண்டி” என்றார். “சாணி மட்டும்தான் பாக்கி.”

“வண்டியே, எவன் என்ன மாட்டினாலும் இன்ஜின் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. ஏத்தம் ஏறும்போதும் சூடு காட்டுற ஊசி அடியிலதான் கிடக்கும். மேல எல்லா வண்டியும் மூச்சு வாங்குது, என் வண்டி மட்டும் சூடே ஆகாது.”

“ஏன் ஆகாதுன்னு கேளு வண்டி. என் கை பட்ட இன்ஜின். ஆகாது.”

அந்த ஒரு விஷயத்தில்தான் நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒத்த கருத்து. அதைச் சொல்லி முடித்த கையோடு மெக்கானிக் வெளியே வந்து, இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, மறுபடி போட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, இன்ஜினிலிருந்து பெரிய ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ்மேல் கையை வைத்தார்.

ஹோஸ் உடனே மெல்லச் சூடேறத் தொடங்கியது.

அவர் கையை எடுக்கவில்லை. அது சூடேறக் கூடாது. இப்போதைக்குக் கூடாது. அந்த ஹோஸ் வாயில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். டீ டம்ளர் மூடி அளவுதான் இருக்கும், சின்னக் கதவு. இன்ஜின் தண்ணீர் நன்றாகக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வருகிறவரை மூடிக்கிடக்கும். அப்புறம்தான் திறந்து பெரிய ரேடியேட்டருக்கு விடும். கதவு இருந்தால் மேல் ஹோஸ் பத்து நிமிஷம் பச்சென்று கிடக்க வேண்டும். இது முதல் நிமிஷத்திலேயே சூடேறுகிறது. அப்படியென்றால் கதவு திறந்தே கிடக்கிறது. இல்லையென்றால் கதவே இல்லை. தண்ணீர் சூடாவதற்குள் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடுகிறது. மலைக்குளிரில் கேட்கவே வேண்டாம். ஹீட்டருக்குப் போவது வெந்நீரே இல்லை. ஊசி அடியில் கிடப்பது பெருமையும் இல்லை, அதுதான் நோய்.

கதவு எங்கே போயிற்று?

கேட்டுக்கொண்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில், இந்த வெயிலில், கொதித்து வருகிற எந்த வண்டிக்கும் எல்லா மெக்கானிக்கும் முதலில் செய்வது அதுதான்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூலையில் எறிவது. ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?’ என்று. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார், அவரும் அப்படித்தான். கேட்டுச் செய்வதில்லை, சொல்லிச் செய்வதில்லை. அதற்குக் கூலி இல்லை, அதனால் பில்லிலும் வராது. மூச்சு விடுகிற மாதிரி கை தானாகச் செய்துவிடும். இந்த ஜீப்புக்கும் செய்திருக்கிறது. மலைமேல் ஓட்டப் போகிறான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஆனால் போனபிறகு தெரியும். ‘ஹீட்டரைக் கெடுத்துட்டார்’ என்று சொல்லி வந்தபோது, கோபப்படாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

“என்ன வண்டி, டாக்டர் சத்தத்தையே காணோம்?” உள்ளேயிருந்து குரல். “மருந்து தெரியலையா, நோயே தெரியலையா?”

மெக்கானிக் தங்கச்சியைக் கூப்பிட்டார். “கூலன்ட் ரெண்டு லிட்டர், முக்கால் இஞ்சு கிளாம்ப் ஆறு. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கடையில கிடைக்கும். நடந்து போய் வாங்கிட்டு வரச் சொல்லு. நீயும் கூடப் போ. தனியா விட்டா கடைக்காரன்கிட்டயும் கடன் சொல்லிட்டு வந்துரப் போறாரு.”

மாப்பிள்ளை கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும் வரை மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு கை பறந்தது. மேல் ஹோஸைக் கழற்றினார். இரண்டு போல்ட். மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வெறும் ஓட்டை. மணிக்கட்டில் கொட்டிய சுடுதண்ணீரைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஷெட்டின் பின்பக்கம் இதே மாதிரி ஜீப் ஒன்று அடிபட்டு, உடையவனும் வராமல், செடி முளைத்துக் கிடந்தது. அதன் இன்ஜினைத் திறந்தார். அதற்கு அவர் கை பட்டதில்லை; அதனால் தெர்மோஸ்டாட் இருந்தது. எடுத்துத் தேய்த்து, ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து அதற்குள் போட்டார். கொதிக்க ஆரம்பித்ததும் அது மெல்ல வாயைத் திறந்தது.

“என்னய்யா, டீ போடுறியா?” பஞ்சர்க்காரர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“ஆமா. குடிக்கிறியா?”

“இரும்பு டீ எனக்கு ஒத்துக்காது. அதென்ன அது?”

“ஒண்ணுமில்ல. உன் தொட்டியில ட்யூப் மிதக்குது, போய்ப் பாரு.”

பஞ்சர்க்காரர் போகிற மாதிரி போய், போகாமல் தூணோரம் நின்றார். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் வைத்து, கேஸ்கெட் வெட்டி ஒட்டி, மூடியை இறுக்கினார். தண்ணீர் ஊற்றி, இன்ஜினைப் போட்டு, காற்றை எடுத்தார். பன்னிரண்டு நிமிஷத்தில் சூட்டு ஊசி நாலு வருஷம் காணாத நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. ஹீட்டர் வாயில் கையை நீட்டினார். சுட்டது.

மாப்பிள்ளையும் தங்கச்சியும் வந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

தங்கச்சி ஓடிப்போய்க் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தாள். “அண்ணே! கை வெக்க முடியல!”

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். கையை வைத்தார். எடுக்கவில்லை. முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டுப் பார்த்தார், கால் பக்கம் திருப்பிவிட்டுப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். “என்ன பண்ணாருன்னு கேளு.”

“காத்து சிக்கியிருந்துச்சு” என்றார் மெக்கானிக். “எடுத்தாச்சு.” சொன்னது தங்கச்சியிடம், பார்த்தது தரையை.

மாப்பிள்ளை இறங்கினார். பையை வாங்கினார். பணத்தை எடுத்து பானட்மேல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, அடுத்தது சொல்லத் தொண்டையைச் செருமினார். மெக்கானிக் நாலு வருஷமாகப் படுக்கும்போதெல்லாம் நினைத்துப் பார்த்த நேரம் இது.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு” என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கியிருந்தது. “வெறும் காத்துன்னா அது அவர் தப்பு இல்ல. நாலு பேர் முன்னாடி அவர் வேலையைக் குறை சொன்னேன். சொன்னது தப்புத்தான். என்னை மொட்டை அடிச்சது மேல இருக்கிறவனுங்க. போற வழியில அந்த ஒத்தக் கடைக்காரன் சட்டையைப் பிடிச்சு ஆறாயிரத்து எண்ணூறையும் கக்க வெக்கிறேன். காத்து எடுக்கத் தெரியாதவன் ரேடியேட்டர் மாத்தச் சொல்லியிருக்கான் பாரு. கடையில ஒரு சாமான் மிஞ்சாது இன்னிக்கு.”

பணம் பானட்மேல் இருந்தது. கையை நீட்டினால் போதும். மெக்கானிக் நீட்டவும் செய்தார். விரல் நோட்டில் பட்டது. நேராக உட்கார்ந்திருந்த அந்தக் கிளாம்ப் கண்முன் வந்தது. முகம் தெரியாத எவனோ, ஒழுங்காக வேலை செய்த ஒருவன், இன்றைக்குச் சாயங்காலம் அடி வாங்கப் போகிறான். ‘கெடுத்துட்டான்’ என்ற அதே சொல்லைக் கேட்கப் போகிறான்.

“அந்த ஆள் கடைக்குப் போகாதீங்க மாப்ள” என்றார்.

தங்கச்சி நிமிர்ந்தாள். பஞ்சர்க்காரர் தூணை விட்டு வெளியே வந்தார். நாலு வருஷத்தில் ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

“ஏன்?”

“அவன் வேலை சுத்தம். காத்தும் இல்ல, கீத்தும் இல்ல. தெர்மோஸ்டாட் இல்லாம ஓடியிருக்கு உங்க வண்டி. அதைக் கழட்டினது நான்தான், அந்தக் கோடையில. இங்க எல்லாருக்கும் கழட்டுவேன், உங்களுக்கும் கழட்டினேன். சொல்லல. இப்பக்கூட நீங்க கடைக்குப் போன நேரத்துல ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு மறைக்கப் பாத்தேன். போதுமா?”

“அதான் இரும்பு டீயா!” என்றார் பஞ்சர்க்காரர்.

“நீ வாயை மூடு” என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை சிரிப்பார் என்று நினைத்தார். கத்துவார் என்று நினைத்தார். அவர் இரண்டும் செய்யவில்லை. பானட்மேல் இருந்த பணத்தை எடுத்து மறுபடி எண்ணி, மடித்து, மனைவியின் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“அப்ப நான் சொன்னது நிஜம்” என்றார்.

“நிஜம்.”

“வக்கில்லாதவன் காரணம் தேடுறான்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“ஆறாயிரத்து எண்ணூறு. ரெண்டாயிரத்து நூத்தம்பது. நாலாயிரத்து இருநூறு. எவ்வளவு ஆச்சு?”

“பதிமூவாயிரத்து நூத்தம்பது” என்றாள் தங்கச்சி, தன்னை அறியாமல். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதுல உங்க பாக்கியைக் கழிச்சா ஆயிரத்து எழுநூறு நீங்க எனக்குத் தரணும் மச்சான்.”

“ஏங்க!” என்று தங்கச்சி அவர் கையைப் பிடித்தாள். “வண்டி ஓடுதுல்ல? வாங்க போவோம். மணி என்ன ஆச்சு பாருங்க.”

“அவர்தானே முப்பது வருஷமா கை சுத்தம்னு சொல்றவரு. சுத்தமாவே முடிச்சுக்குவோம்.”

மெக்கானிக் சட்டைப்பையைத் துழாவினார். மேசை டிராயரை இழுத்தார். ஆயிரத்து ஐந்நூறு இருந்தது. இருநூறு குறைந்தது. வேறு வழியில்லாமல் பஞ்சர்க்காரரைப் பார்த்தார்.

பஞ்சர்க்காரர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துவிட்டு இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். “வட்டியெல்லாம் வேணாம்யா. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நான் எடுத்துக்குவேன்.”

மெக்கானிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். ஒன்று கிழிந்திருந்தது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பரவாயில்லை என்று வைத்துக்கொண்டார்.

“ஏன் என்கிட்ட கொண்டுவரல?” என்றார் மெக்கானிக். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. “முதக் குளிர்லயே கொண்டுவந்திருந்தா அரைமணி நேர வேலை.”

“எப்படிக் கொண்டுவர்றது? நீங்க வாயைத் திறந்தா காசு எங்கன்னுதானே? மூணு குளிர்காலம் காலுக்குச் சாக்கைச் சுத்திக்கிட்டு வண்டி ஓட்டினேன் மச்சான். கண்ணாடியில பனியைத் துடைச்சுத் துடைச்சு இந்த விரலு மரத்துப் போச்சு. அதுக்கு என்ன ரேட்டுன்னு தெரியல. தெரிஞ்சா அதையும் கேட்டிருப்பேன்.”

மெக்கானிக் ஜாக்கியை இறக்கி, அடியில் கிடந்த துணியை எடுத்து ஒதுக்கினார்.

தங்கச்சி ஏறி உட்கார்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள், கண்ணை எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். வாசலைத் தாண்டி, ரோட்டில் ஒரு வண்டி நீளம் போய், நிறுத்தினார். பின்னால் எடுத்துவந்து பழைய இடத்திலேயே நிறுத்தி இறங்கினார். பஞ்சர்க்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்கும்தான்.

“மேல் ஹோஸ் கிளாம்பை இறுக்கினீங்களா?”

“இறுக்கினேன்.”

“ஸ்க்ரூடிரைவர் குடுங்க.”

மெக்கானிக் கொடுத்தார். மாப்பிள்ளை பானட்டைத் தூக்கிக் குச்சியால் முட்டுக் கொடுத்தார். ஹோஸைப் பிடித்து ஆட்டினார். கிளாம்ப் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருப்பிப் பார்த்தார், அது அசையவில்லை. தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டையும் விரலால் தடவி, கசிவு இருக்கிறதா என்று விரல்நுனியைப் பார்த்தார். ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் பார்த்தார். முப்பது வருஷத்தில் மெக்கானிக் முடித்துக் கொடுத்த வேலையை அவர் கண்ணெதிரே இன்னொருவர் சோதித்தது கிடையாது. அவர் தள்ளி நிற்கவில்லை. பக்கத்திலேயே நின்று, மாப்பிள்ளையின் கை போகிற இடமெல்லாம் டார்ச் அடித்தார்.

மாப்பிள்ளை பானட்டைச் சாத்தினார். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார். “உங்களுக்கும் எனக்கும் தீர்ந்துச்சு.”

“தீர்ந்துச்சு” என்றார் மெக்கானிக்.